கனமான கருவியும் மட்டை வீச்சும்: பேஸ்பால், சாஃப்ட்பால் ஆடுவோருக்கான வலுப்பயிற்சி வழிகாட்டி

சிங்கப்பூரில் சென்ற ஜூன் பள்ளி விடுமுறையின்போது, உயர்நிலைப் பள்ளியில் சாஃப்ட்பாலை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்திருந்த தம் மகளை அழைத்துக்கொண்டு ஒருவர் எங்கள் சனிக்கிழமைப் பயிற்சிக்கு வந்தார். அவர் கையில் துணியில் சுற்றிய கர்லாக்கட்டை ஒன்று இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் அவருடைய தாத்தா சுற்றிய கட்டை அது. ஆறு கிலோவுக்குக் குறையாது. “அண்ணே, இதைத் தினமும் நூறு தடவை சுற்றவிட்டால் பிள்ளைக்கு அடி பலமாகுமா, இல்லை கை கெட்டுப்போகுமா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. திடலில் நின்றபடி ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வியும்கூட. அன்று அவருக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முறையாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலின் வலுவைக் கூட்டுவதற்காகத் தூக்கும் எடை, அது எவ்வளவு கனமாக இருந்தாலும், சரியான முறையில் தூக்கினால் வீச்சுக்கு நன்மையே செய்கிறது. ஆனால் கனமான ஒன்றை மட்டையைப் போலவே பிடித்து, மட்டையைப் போலவே வீசுவது வேறு விஷயம். அதன் எடை ஆட்ட மட்டையின் எடையிலிருந்து விலக விலக நன்மை குறைந்து கேடு கூடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் “எடை தூக்கினால் கை இறுகிவிடும்” என்று ஒரு சாராரும், “இரும்புக் கம்பியைச் சுற்றினால்தான் அடி பறக்கும்” என்று இன்னொரு சாராரும் பல்லாண்டுகளாக வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வீச்சுக்குள் நடப்பது என்ன

பேஸ்பாலில் பந்து எறியும் மேட்டுக்கும், மட்டை வீசுபவர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர் தூரம். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஏறத்தாழ 0.4 வினாடியில் வந்து சேர்ந்துவிடுகிறது. பெண்கள் சாஃப்ட்பாலில் தூரம் 13.11 மீட்டர் மட்டுமே என்பதால், மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடாத பந்தும் அதே அளவு நேரத்தைத்தான் தருகிறது. இந்த நேரத்தில் வீச்சு எடுத்துக்கொள்வது சுமார் 0.15 வினாடி, எஞ்சியது பார்ப்பதற்கும் முடிவெடுப்பதற்கும் உரியது. ஆகவே வீச்சு விரைவாக முடிந்தால் பந்து தூரமாகப் போகும் என்பதோடு, பந்தை இன்னும் சற்று நேரம் பார்த்து முடிவெடுக்கவும் வழி பிறக்கும். இந்த இரண்டாவது பலனைப் பலர் கவனிப்பதில்லை.

மட்டை வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இயற்பியல் தெளிவான பதில் வைத்திருக்கிறது. பந்து மட்டையின் நல்ல பகுதியில் பட்டால், மட்டை வேகத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் கூடும்போது அடிபட்ட பந்தின் வேகம் சுமார் 6 கிலோமீட்டர் கூடுகிறது. எறிபவரின் பந்து 5 கிலோமீட்டர் விரைவாக வந்தாலோ சுமார் 1 கிலோமீட்டர் மட்டுமே கூடுகிறது. ஆனாலும் வேகமே எல்லாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கப் பெருங்குழுக்களின் (மேஜர் லீக்) பேஸ்பால் ஆட்டங்களில் 2024ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வீச்சின் வேகமும் வெளியிடப்படுகிறது. சராசரி மணிக்கு சுமார் 72 மைல். ஜியான்கார்லோ ஸ்டான்டன் 80 மைலைத் தாண்டி வீசுகிறார். லூயிஸ் அராயஸின் வேகமோ 63 மைல் அளவில்தான் நிற்கிறது. ஆயினும் 2022, 2023, 2024 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகத் தம் லீகில் மிக உயர்ந்த பேட்டிங் சராசரியைப் பெற்றவர் அவரே. வலுப்பயிற்சி பந்தைத் தொடும் திறனைக் கெடுக்குமானால், கூடிய வேகத்தால் எந்தப் பயனும் இல்லை.

முதல் படி: மட்டையை நிறுத்துப் பாருங்கள்

சமையலறைத் தராசே போதும். மட்டையில் அச்சிட்ட எடைக்கும், பிடிநாடா சுற்றிய பிறகுள்ள உண்மை எடைக்கும் வேறுபாடு இருக்கும். 33 அங்குல நீளமும் 30 அவுன்ஸ் எடையும் கொண்ட பேஸ்பால் மட்டை சுமார் 850 கிராம் இருக்கும். இந்த எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

எடையைவிட எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். கையிலிருந்து ஒரு பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் இருமடிப் பெருக்கத்தில் (வர்க்கத்தில்) அது சுழற்சியை எதிர்க்கிறது. கைப்பிடிக்கு 10 சென்டிமீட்டர் தொலைவில் மாட்டிய எடை வளையத்தை 50 சென்டிமீட்டர் தொலைவுக்கு நகர்த்தினால் தராசு அதே எடையைத்தான் காட்டும். ஆனால் சுழற்றும் கைக்கு அந்த வளையம் 25 மடங்கு கடினமாகிவிடும். குடையை விரித்தபடி சுழற்றுவதையும், மடக்கிப் பிடித்துச் சுழற்றுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது உடனே விளங்கும். 850 கிராம் மட்டையின் தடித்த பகுதியில் அரைக் கிலோ வளையத்தை மாட்டியவர், தம் மட்டையைக் கொஞ்சம் கனமாக்கவில்லை. முற்றிலும் வேறொரு கருவியைக் கையில் எடுத்திருக்கிறார்.

இரண்டாம் படி: தொடங்கும் முன் அளவிடுங்கள்

கைப்பேசியில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுநிலைக் காணொளி வசதி இருந்தால் போதும். பந்தைத் தாங்கி நிறுத்தும் ‘டீ’ என்ற கம்பத்தின் மேல் பந்தை வைத்து, பக்கவாட்டில் கைப்பேசியை நிறுத்தி, பத்து வீச்சுகளைப் பதிவு செய்யுங்கள். மட்டை முன்னோக்கி நகரத் தொடங்கும் படத்திலிருந்து பந்தைத் தொடும் படம் வரை எண்ணுங்கள். ஒரு படம் சுமார் 4 மில்லி வினாடி, எனவே 0.15 வினாடி வீச்சு 36 படங்களில் முடியும். பத்தில் எத்தனை வீச்சுகளில் பந்து மட்டையின் நடுவில் பட்டது என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை இதே இடத்தில், இதே மட்டையால் மீண்டும் எடுங்கள். அளக்காமல் பயிற்சி செய்கிறவருக்கு உணர்வு மட்டுமே துணை. அந்த உணர்வு இந்த விஷயத்தில் எவ்வளவு ஏமாற்றும் என்பதை ஆட்ட நாளைப் பற்றிய பகுதியில் காணலாம்.

மூன்றாம் படி: உடலுக்குக் கனமான எடை

வீச்சின் சக்தி தரையிலிருந்து எழுகிறது. முன்கால் தரையில் ஊன்றியதும் இடுப்பு திரும்புகிறது. இடுப்பைத் தொடர்ந்து மார்பும், தோளும், கையும், கடைசியில் மட்டையும் திரும்புகின்றன. ஒவ்வோர் உறுப்பும் தனக்கு அடுத்ததற்கு வேகத்தைக் கைமாற்றிவிட்டுத் தான் தளர்கிறது. ஆகவே வலு முதலில் தேவைப்படுவது தொடையிலும் பிட்டத்திலும் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளிலும்தான். கைதான் அடிக்கிறது என்று எண்ணி, முன்கைக்கும் மணிக்கட்டுக்கும் மட்டும் எடை தூக்கும் இளைஞர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி வீரர்களை வைத்து டேவிட் ஸிமான்ஸ்கி குழுவினர் 12 வாரம் நடத்திய ஆய்வு ஒன்றில், வழக்கமான வலுப்பயிற்சியோடு மணிக்கட்டு, முன்கைப் பயிற்சியைக் கூடுதலாகச் செய்தவர்களின் கை வலு கூடியது. மட்டை வேகமோ மற்றவர்களைவிடக் கூடவில்லை.

நம் பெற்றோர் பலருக்கு இங்கே ஓர் அச்சம் எழும்: எடை தூக்கினால் பிள்ளையின் வளர்த்தி நின்றுவிடுமோ என்று. தகுந்த மேற்பார்வையுடன், சரியான முறையில் செய்யும் வலுப்பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் அதை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆபத்து, யாரும் பார்க்காதபோது நண்பனோடு போட்டி போட்டு ஒரே தடவையில் எவ்வளவு தூக்க முடியும் என்று பார்ப்பதில் இருக்கிறது.

வாரத்துக்கு இரண்டு நாள் போதும். பேட்டையில் உள்ள ஆக்டிவ்எஸ்ஜி பொது உடற்பயிற்சிக்கூடத்திலேயே எல்லாம் செய்யலாம். எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட், ஒரு காலை முன்வைத்துத் தாழ்ந்தெழும் லஞ்ச், கயிறு அல்லது டம்பெல்லைத் தன் பக்கம் இழுக்கும் ரோயிங், தண்டால் ஆகியவை அடிப்படை. முதல் எட்டு வாரம், ஒரு சுற்றில் 8 முதல் 12 முறை வரை நல்ல நிலையில் தூக்கக்கூடிய எடையோடு நிற்க வேண்டும். முதுகு வளையாமல், முழங்கால் உள்ளே சாயாமல் தூக்கப் பழகிய பிறகே எடையைக் கூட்டிச் சுற்றுக்கு 5 அல்லது 6 முறையாகக் குறைக்கலாம். ஒவ்வொரு சுற்றும் முடியும்போது இன்னும் இரண்டு முறை தூக்கியிருக்கலாம் என்று தோன்ற வேண்டும். மகன் தேசிய சேவையில் இருந்தால் அங்கு கிடைக்கும் உடற்பயிற்சியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட நடைப்பயிற்சிக்கு மறுநாள் ஸ்குவாட் வேண்டாம்.

இந்தக் கனமான தூக்கல் மெதுவாக நடந்தாலும் பரவாயில்லை. இது எந்த விதத்திலும் மட்டை வீச்சைப் போல இல்லாததால், வீச்சின் ஒழுங்கை இது தொடுவதே இல்லை. இதன் பயனும் அதனால்தான் பாதுகாப்பானது.

நான்காம் படி: சுழன்று எறிதல்

கூடத்தில் சேர்த்த வலுவைச் சுழற்சி வேகமாக மாற்றும் பாலம், மெடிசின் பந்து எனப்படும் கனமான பயிற்சிப் பந்து. சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, இடுப்பிலிருந்து திரும்பி, முழு வேகத்தில் சுவரில் எறிய வேண்டும். ஸிமான்ஸ்கி குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வலுப்பயிற்சியும் வாரம் மூன்று நாள் நூறு வீச்சும் இரு குழுக்களுக்கும் பொது. ஒரு குழு கூடுதலாக மெடிசின் பந்தைச் சுழன்று எறிந்தது. 12 வாரத்துக்குப் பிறகு இரு குழுவினரின் மட்டை வேகமும் கூடியிருந்தது. எறிந்தவர்களுக்கு அதிகமாகக் கூடியிருந்தது. இளையர்களுக்கு 2 கிலோ, வளர்ந்தவர்களுக்கு 3 அல்லது 4 கிலோ போதுமானது. ஒவ்வொரு பக்கமும் 6 எறிதல், மூன்று சுற்று. பந்தின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்த வேண்டும். ஒரு சொல்: அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்துச் சுவரில் இதைச் செய்யக்கூடாது, மேலே தூங்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் அந்த அதிர்வு போய்ச் சேரும். பள்ளித் திடலின் ஓரச் சுவரே இதற்கு ஏற்றது.

ஐந்தாம் படி: சற்றுக் கனமான மட்டை, சற்று இலேசான மட்டை

உண்மையான சர்ச்சை இங்கேதான் இருக்கிறது. ஆகவே இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

தசை எவ்வளவு கனத்தை இழுக்கிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் சுருங்க முடியும். ஆர்ச்சிபால்ட் ஹில் 1938இல் தவளைத் தசையை வைத்துக் காட்டிய இந்த உறவு மட்டைக்கும் பொருந்தும். கனமான மட்டையை வீசும்போது உடல் பழகிக்கொள்வது மெதுவான வீச்சை. அதற்கும் மேலாக, கனம் ஓர் அளவைத் தாண்டினால் உறுப்புகள் திரும்பும் வரிசையே மாறிவிடுகிறது: மட்டையின் முனை பின்னால் தொங்குகிறது, முன்தோள் சீக்கிரம் திறந்துகொள்கிறது, கையால் இழுக்க முடியாத கனத்தை உடல் முழுவதையும் சாய்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. இப்படி ஆயிரம் முறை வீசியவர் ஆயிரம் முறை வேறொரு வீச்சைப் பழகியிருக்கிறார்.

இதை நான் என் உடலிலேயே கண்டேன். பதினாறு வயதில், யாரிடமும் கேட்காமல், ஒரு பழைய மட்டையின் முனையில் மணல் நிரப்பிய துணிப்பையைக் கட்டி, இரவு நேரங்களில் புளோக்கின் கீழே தினமும் இருநூறு முறை வீசினேன். மூன்று மாதத்தில் தோள் பெருத்தது. ஆட்டத்திலோ விரைவான பந்துகள் எல்லாம் என் மட்டையைத் தாண்டிப் போயின. அடி பட்டாலும் எதிர்ப்பக்கமாகவே பந்து பறந்தது, ஏனென்றால் ஒவ்வொரு வீச்சிலும் நான் பிந்திக்கொண்டிருந்தேன். பழைய வீச்சை மீட்க ஓர் ஆண்டு ஆயிற்று. அந்த ஓர் ஆண்டு வேறு எந்தப் பிள்ளைக்கும் வீணாகக்கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கனமான மட்டையே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. கூப் டெரென் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல ஆண்டுகள் இதே கேள்வியை ஆராய்ந்தார். ஆட்ட மட்டையைவிடச் சற்றே கனமானதையும் சற்றே இலேசானதையும், ஆட்ட மட்டையோடு மாற்றி மாற்றி வாரக்கணக்கில் வீசியவர்களுக்கு மட்டை வேகம் கூடியது. ‘சற்றே’ என்பதை ஏறத்தாழ 10 விழுக்காடு என்று கொள்ளலாம். கனமானது வலுவைக் கேட்கிறது, இலேசானது வேகத்தைக் கேட்கிறது, இரண்டும் வீச்சின் வடிவத்தை மாற்றாத அளவுக்கு ஆட்ட மட்டைக்கு நெருக்கமாக இருக்கின்றன.

850 கிராம் மட்டைக்காரருக்குக் கனமான மட்டை 935 கிராம் அளவில், இலேசானது 765 கிராம் அளவில் இருக்க வேண்டும். கனமானதைச் செய்ய, பழைய மட்டை ஒன்றில் ஒட்டும் நாடாவை முழு நீளத்துக்கும் பரவலாகச் சுற்றித் தராசில் வைத்துச் சரிபார்க்கலாம். முனையில் மட்டும் சுற்றினால் முன்பு சொன்ன இருமடிக் கணக்கு வந்து குறுக்கே நிற்கும். இலேசானதற்கு இளையோர் மட்டை ஒன்றை இரவல் வாங்கலாம். இப்படி மாற்றிய மட்டையை ஆட்டத்துக்கு எடுத்துப் போகக்கூடாது. விதிப்படி அது செல்லாது.

நான் பின்பற்றும் வரிசை இதுதான். வாரத்துக்கு மூன்று நாள், கனமானதில் 5 வீச்சு, இலேசானதில் 5 வீச்சு, ஆட்ட மட்டையில் 10 வீச்சு. இதை நான்கு சுற்று. ஒவ்வொரு வீச்சுக்கும் இடையே குறைந்தது பத்து வினாடி ஓய்வு. ஒவ்வொரு சுற்றும் ஆட்ட மட்டையில் முடிய வேண்டும். அதில் பாதியாவது டீயிலோ மெதுவாக எறியப்பட்ட பந்திலோ உண்மையில் அடித்ததாக இருக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் தொடர்ந்தால் குறிப்பேட்டில் மாற்றம் தெரியும். ஓய்வில்லாமல் மூச்சுவாங்க வீசுவது இங்கே பயன்தராது, ஏனெனில் களைத்த உடல் மெதுவான வீச்சைத்தான் பழகும். ஆண்டு இறுதி விடுமுறையே இதற்கு மிகப் பொருத்தமான காலம். அந்த மாதங்களில் மழையும் மின்னல் எச்சரிக்கையும் மாலைப் பயிற்சியை அடிக்கடி குலைக்கும் என்பதால், காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஜப்பானின் யோமியுரி ஜயன்ட்ஸ் பேஸ்பால் குழுவுக்காக 868 ஹோம் ரன் அடித்த சதஹாரு ஓ, பயிற்றுநர் ஹிரோஷி அரகாவாவின் வழிகாட்டலில், கூரையிலிருந்து தொங்கும் காகிதத்தை ஜப்பானிய வாளால் வெட்டிப் பழகினார். இதைக் கனமான கருவிக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவோர் உண்டு. ஆனால் அந்த வாள் பொதுவாக ஒரு கிலோவைச் சற்றே தாண்டும் எடையுடையது. தொங்கும் காகிதம் பலத்துக்கு அறுபடாது; வாளின் விளிம்பு சரியான கோட்டில், சரியான வேகத்தில் போனால்தான் அறுபடும். அவர் பழகியது துல்லியத்தை.

கர்லாக்கட்டைக்கு உரிய இடம்

அந்தத் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். கர்லாக்கட்டைச் சுழற்சியில் கட்டை தலைக்குப் பின்னால், தோளைச் சுற்றி ஊசலைப் போல இறங்கி ஏறுகிறது. தோள் மூட்டின் அசைவையும் தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் தசைகளையும் கைப்பிடியின் உறுதியையும் அது வளர்க்கும். மட்டை வீச்சின் பாதை அதற்கு இல்லை. ஆகவே வீச்சோடு அது மோதுவதும் இல்லை. இலேசான கட்டையாக இருந்தால் நல்ல தோள் பயிற்சி. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோ கட்டை, பக்கத்துக்குப் பத்துச் சுழற்சி, வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் முறையாகக் கற்றவரிடம் பழகிய பிறகு என்பதே நான் சொன்ன அளவு. தாத்தாவின் ஆறு கிலோ கட்டையை இப்போதைக்கு வீட்டில் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேன். அதை இரு கையாலும் மட்டையைப் போலப் பிடித்துக் கிடைமட்டமாக வீசுவதை மட்டும் எந்த வயதிலும் செய்யக்கூடாது. நான் மணல்பையால் செய்த பிழையின் பெரிய வடிவம் அது.

ஆட்ட நாளில்

அடிக்கக் காத்திருக்கும் வீரர் மட்டையில் டோனட் எனப்படும் எடை வளையத்தை மாட்டிச் சுழற்றும் காட்சி எல்லாத் திடலிலும் உண்டு. 1960களில் நியூயார்க் யாங்கீஸ் குழுவின் எல்ஸ்டன் ஹோவர்டால் பரவலான பழக்கம் இது. வளையத்தைக் கழற்றியதும் மட்டை இறகைப் போல இருக்கிறது, வீச்சு பறக்கிறது என்று தோன்றுகிறது. 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தபோது, கனமான மட்டைக்குப் பிறகு ஆட்டக்காரர்கள் மட்டை இலேசாக இருப்பதாகவும் வேகம் கூடியதாகவும் உணர்ந்தார்கள். உண்மையில் அடுத்த வீச்சின் வேகம் சுமார் 3 விழுக்காடு குறைந்திருந்தது. மறு ஆண்டு டான் சவுதர்டும் லான்ஸ் க்ரூமரும் செய்த ஆய்வில், கனமான மட்டையோடு உடலைச் சூடேற்றிய பிறகு வேகத்தோடு வீச்சின் வடிவமும் மாறியிருந்தது தெரிந்தது. டெரென்னின் 1992ஆம் ஆண்டு ஆய்வும் ஆட்ட மட்டைக்கு நெருங்கிய எடைதான் நல்லது என்று காட்டியது.

எனவே அடிக்கச் செல்லும் முன் சொந்த மட்டையாலேயே ஐந்தாறு முறை முழு வேகத்தில் வீசுங்கள், எறிபவரின் பந்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுங்கள். பயிற்றுநர் வளையத்தை மாட்டச் சொன்னால் பணிவாக மாட்டி, இடுப்பையும் தோளையும் மெதுவாகத் தளர்த்த அதைப் பயன்படுத்திவிட்டு, கடைசி வீச்சுகளைச் சொந்த மட்டையில் முடித்துக்கொள்ளலாம். ஆட்டப் பருவத்தில் வலுப்பயிற்சியை வாரத்துக்கு ஒரு நாளாகக் குறையுங்கள். அடியோடு நிறுத்தினால் சேர்த்த வலு சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும்.

நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

காணொளியில் ஒரு வீச்சுக்கு ஆகும் படங்களின் எண்ணிக்கை இரண்டு அளவீடுகளில் தொடர்ந்து கூடினால், அல்லது நடுவில் படும் அடிகள் குறைந்தால், முதலில் கனமான மட்டையை ஒதுக்கிவைத்து மூன்று வாரம் ஆட்ட மட்டையை மட்டும் பயன்படுத்துங்கள். கூடத்துப் பயிற்சி தொடரட்டும்.

வலியை வேறு விதமாக அணுக வேண்டும். மட்டையின் அடியைப் பிடிக்கும் கையில், சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கையில் அழுத்தினால் வலிப்பது, அங்குள்ள சிறு எலும்பின் கொக்கிப் பகுதி முறிந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். மட்டை ஆடுவோருக்கு வரக்கூடிய காயம் இது, சாதாரண எக்ஸ்ரேயில் தவறிப்போகவும் கூடும். வளரும் பிள்ளைக்கு, பின்னால் வளையும்போது இடுப்புக்கு மேலே ஒரு பக்கமாக வலி வந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், முதுகெலும்பில் அழுத்த முறிவு உண்டா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் பலதுறை மருந்தகத்துக்குச் சென்று, பிள்ளை மட்டை வீசுபவர் என்பதையும் வாரத்துக்கு எத்தனை வீச்சு என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குறிப்பேட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் அனுமதித்த பிறகு, இலேசான மட்டையில் டீயிலிருந்து நாளுக்கு இருபது வீச்சோடு தொடங்கி, வலியின்றி இரண்டு வாரம் கடந்த பின்பே ஆட்ட மட்டைக்குத் திரும்ப வேண்டும். கனமான மட்டை அதற்கும் ஒரு மாதம் கழித்துத்தான்.